கேபிள் என்ன பாவம் செய்தது?

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏலம் முடிந்துவிட்டது, கேரளா லாரி காத்து நிற்கிறது. உள்ளே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் பில் ஃபைல் நகரமாட்டேன் என்கிறது. ரிப்பேர் பார்க்க வந்தவர் கேபிளை மாற்றிவிட்டு, "பிங் நல்லாத்தான் போகுதுண்ணே" என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு கிளம்புகிறார். மறுநாளும் அதே கதை!

இங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளை அல்ல, ஓர் உபதேசத்தை. "ஆட்டோவை நம்பாதே, 100 ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கையால் போட்டுவிடு." 1995-ல் 802.3யூ தரத்தோடு ஆட்டோ நெகோசியேஷன் வந்த புதிதில், ஒரு கம்பெனி கார்டும் வேறு கம்பெனி ஸ்விட்ச்சும் சரியாகப் பேசிக்கொள்ளாது. அன்று அந்த உபதேசத்தில் நியாயம் இருந்தது. 1999-ல் காப்பர் கேபிளுக்கான கிகாபிட் தரம் வந்தபோது ஆட்டோ கட்டாயமே ஆகிவிட்டது. உபதேசம் மட்டும் இன்னும் சாகவில்லை.

கார்டை 100 ஃபுல் என்று பூட்டினால் அது பேரம் பேசுவதை நிறுத்திவிடும். ஆட்டோவில் இருக்கும் ஸ்விட்ச் வேகத்தை மோப்பம் பிடித்துவிடும், டூப்ளெக்ஸைப் பிடிக்க முடியாது. தெரியாவிட்டால் ஹாஃப் என்று எடுத்துக்கொள் என்பது விதி. ஆக, ஸ்விட்ச் மேலும் தப்பில்லை!

பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள். ஒரு டிரைவர், ஒரு வண்டிதான் போகமுடியும் என்று எதிரே பார்த்துப் பார்த்து ஒதுங்குகிறார். எதிரே வருபவரோ இருவழிச் சாலை என்ற நினைப்பில் நிற்காமல் வருகிறார். நடுராத்திரியில் ஒற்றை பைக் போனால் ஒன்றும் ஆகாது. அதுதான் பிங். சீசன் கூட்டத்தில் என்ன ஆகும்? அதுதான் பில் ஃபைல்.

சாட்சியும் கையிலேயே இருக்கிறது. ஃபுல் பக்கம் சிஆர்சி பிழை ஏறும், ஹாஃப் பக்கம் லேட் கொலிஷன் ஏறும். லினக்ஸில் ஈத்டூல் சொல்லும்; நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச் என்றால் போர்ட் கணக்கே காட்டும். லேட் கொலிஷனே இல்லாமல் சிஆர்சி மட்டும் ஏறுகிறதா? அப்போது கேபிளைப் பிடியுங்கள்.

வைத்தியம் ஒரு வரிதான்: இரண்டு பக்கமும் ஆட்டோ. ஆட்டோவே தெரியாத பழைய சாதனம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கையால் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூட்டாதீர்கள்.

வைவாவுக்காக டூப்ளெக்ஸ் விளக்கத்தை மனப்பாடம் செய்யும் நண்பர்களே, அந்தப் பிழைக் கணக்கை ஒரு தடவையாவது திறந்து பார்த்ததுண்டா? பார்க்காமல் மாற்றுகிற ஒவ்வொரு கேபிளுக்கும் காசு கொடுப்பது அந்தக் கடைக்காரர்தான்.