விதைநெல்லோடு புத்தகமும்

இறக்கக்கண்டியில் மீள்குடியேற்றம் பற்றிப் பேசக் கூடும்போதெல்லாம் பட்டியல் ஒன்றுதான்: கிணறு துப்புரவு, விதைநெல், நீர்ப்பம்பி, யானைவேலி. சிறுவருக்கு ஒரு புத்தக அறை என்று நாம் வாய்திறந்தால், "சுவாமி, முதலில வயிறு" என்பார்கள். நியாயமான பேச்சுத்தான். ஆயினும் அதை முழுதாக ஏற்பதற்கில்லை.

இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945இல் ஜேர்மனியிலும் இதே பேச்சுத்தான். நகரங்கள் இடிந்து கிடந்தன, பிள்ளைகள் பட்டினி. ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி, இரு பிள்ளைகளுடன் இங்கிலாந்து சென்றிருந்த யெல்லா லெப்மான் என்னும் யூதப் பெண்மணி அவ்வாண்டு திரும்பி வந்தார். தம்மை விரட்டிய அதே நாட்டின் பிள்ளைகளுக்காகப் பிறநாடுகளுக்குக் கடிதம் எழுதிச் சிறுவர் நூல்களை யாசித்தார். ஜேர்மனியப் படைகளால் மிதிபட்ட நாடுகளிடமும் கேட்டார் என்பதை நாம் கவனிக்கவேண்டும். 1946இல் மியூனிச் நகரில் கண்காட்சி வைத்தார். 1949இல் அங்கேயே சர்வதேச இளைஞர் நூலகம் பிறந்தது. 1983இல் அது புளூட்டன்பூர்க் என்னும் பழங்கோட்டைக்குக் குடிபெயர்ந்தது. கோமகன்மார் 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மாளிகை இன்று பிள்ளைகளின் புத்தக வீடு. 1970இல் காலமான லெப்மான் அதைக் காணவில்லை.

கோட்டைக்கு நாம் எங்கே போவது என்று கேட்கவேண்டாம். யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1933இல் செல்லப்பா அவர்களின் வீட்டிலேதான் தொடங்கியது. பின்னர் லோங் அடிகளார் முதலியோரின் உழைப்பால் அது மாளிகையாயிற்று. 1981இல் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. தீயைக் கண்ட அதிர்ச்சியில் தாவீது அடிகளார் உயிர்நீத்தார். பழைய தோற்றத்திலேயே மீள எழுப்பப்பட்ட அக்கட்டடத்தில் இன்று சிறுவர் பகுதியும் உண்டு.

எம் ஊர்களிலும் பழைய சங்கக்கடை, நெற்களஞ்சியம் என்று ஏதாவதொன்று காரை உதிர்ந்து நிற்கும். உதவி கொண்டுவரும் நிறுவனங்கள் அதை இடித்துப் புதிதாகக் கட்டவே விரும்பும். பெயர்ப்பலகை மாட்ட அதுதான் வசதி. இடிக்க விடாதீர்கள். கூரையை மாற்றி, வெடித்த சுவரைப் பூசிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். முகாமிலே பிறந்த பிள்ளைக்கு ஊர் என்பது பெரியவர்கள் சொல்லும் கதை மட்டுமே. தன் பாட்டன் நெல் அளந்த திண்ணையில் இருந்து வாசிக்கும்போது, அந்தக் கதை மெய்தான் என்று அது கையால் தொட்டு அறியும். காணி உறுதி தொலைந்த குடும்பங்களுக்கு இது சிறிய காரியமன்று.

தமிழ் நூலோடு சிங்கள நூலும் இருக்கட்டும். அம்மம்மாமார் சொல்லும் கதைகளைப் பிள்ளைகளே கொப்பியில் எழுதி வைக்கட்டும். அலுமாரிக்குப் பூட்டு மட்டும் வேண்டாம். பூட்டிவைத்த புத்தகங்களைக் கறையான் தின்றதை நாம் போதுமான அளவு கண்டுவிட்டோம்.

அடுத்த கூட்டத்துப் பட்டியலில், நீர்ப்பம்பிக்குக் கீழே இதையும் எழுதுங்கள்.