மலையில் கொட்டும் பணம் யார் மடியில் விழுகிறது?

நீலகிரி மலைக்கு நாளொன்றுக்கு எத்தனை வண்டிகள் ஏறலாம் என்று வரம்பு கட்ட வேண்டிய பொறுப்பு நீதிமன்றத்தின் தலையில் விழுந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரல் முதல், அந்த ஆண்டு சீசனுக்கு, நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று எல்லை வகுக்கப்பட்டது. கொடைக்கானலுக்கு இது 4,000, 6,000. மலை எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் என்று ஆராயும் வேலை சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூர் ஐ.ஐ.எம்.மிடமும் ஒப்படைக்கப்பட்டது.

உடனே இரண்டு குரல்கள் எழுந்தன. மலையைக் காப்பாற்று என்றது ஒன்று. வியாபாரத்தைக் காப்பாற்று என்றது மற்றொன்று. 2025 ஏப்ரல் 2 அன்று நீலகிரி வணிகர்கள் ஒருநாள் கடையடைப்பும் நடத்தினார்கள். இரு குரலிலும் நியாயம் உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சச்சரவில் ஒரு கேள்வி அமுங்கிப் போய்விட்டது. மலையில் கொட்டும் பணம் யார் மடியில் விழுகிறது? மலை கெடுவதால் வரும் நஷ்டத்தை யார் சுமக்கிறார்கள்? இதைக் கேட்காமல் "நீடித்த சுற்றுலா வளர்ச்சி" என்று பேசுவது வெறும் வாய்ப்பந்தலே என்பது நமது உறுதியான கருத்து.

முதலில் வரவைப் பார்ப்போம். ஒரு குடும்பம் காரில் ஊட்டிக்கு வந்து இரண்டு நாள் தங்குகிறது. பெட்ரோல் பணம் எண்ணெய்க் கம்பெனிக்குப் போகிறது. அறை பிடித்துக் கொடுத்த கம்பெனி தன் கமிஷனைக் கழித்துக் கொள்கிறது. அறை வாடகை விடுதி முதலாளிக்கு. அவர் மலையில் குடியிருக்க வேண்டுமென்ற கட்டாயம் கூட இல்லை. இவ்வளவு கைகளும் நனைந்த பிறகு எஞ்சும் துளிகளே அறை பெருக்கும் பெண்ணுக்கும், பாத்திரம் தேய்ப்பவருக்கும், வேர்க்கடலை விற்கும் முதியவருக்கும் வந்து சேருகின்றன. சீசனில் இரவு பகல் பாராத வேலை. சீசன் முடிந்தால் "போய் வா". ஆலை வாசலில் வேலைக்குக் காத்து நிற்கும் பதிலித் தொழிலாளியின் பாடு நமது வாசகர்களுக்குத் தெரியும். விடுதித் தொழிலாளியின் பாடும் அதுவேதான்.

இனிச் செலவைப் பார்ப்போம். விடுதிக் குழாயில் தண்ணீர் கொட்ட, குடியிருப்புத் தெருவில் குடங்கள் வரிசை கட்டுகின்றன. வந்தவர்கள் வீசிய குப்பையை அள்ளுவது ஒப்பந்தக் கூலிக்கு வேலை செய்யும் துப்புரவுத் தொழிலாளி. நிலத்தின் விலை ஏற ஏற, வீட்டு வாடகையும் ஏறுகிறது. பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியான விலை கிடைக்காத சிறு விவசாயி நிலத்தை விற்கிறார். அங்கே பங்களா எழும்புகிறது; அந்த நிலத்தில் கொழுந்து பறித்தவருக்கு வேலை போகிறது. 1993-லேயே மலைப்பகுதிக் கட்டிட விதிகள் வந்தன. விதி ஏட்டில் இருந்தது, கட்டிடம் சரிவில் ஏறியது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சரிவில் குடிசை போட்டவன் விரும்பியா போட்டான்? சமதரையில் இடம் வாங்க அவனிடம் பணம் இல்லை.

ஆக, லாபம் தனியாருக்கு, நஷ்டம் ஊருக்கு. இதுதான் இந்தத் தொழிலின் பொருளாதாரம்.

இன்னொரு ஆபத்தையும் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். 1960-ல் பொதுத்துறையில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை ஊட்டியில் ஆயிரக்கணக்கான தொழிலாளருக்குச் சோறு போட்டது. அது மூடப்பட்டுவிட்டது. தேயிலை விவசாயியோ நல்ல விலைக்காகப் பல்லாண்டுகளாகப் போராடுகிறார். ஆலையும் தோட்டமும் கைவிட்டால், மலைமக்கள் விருந்தாளியின் பையை மட்டுமே நம்பிப் பிழைக்க நேரிடும். அந்தப் பிழைப்பு எத்தகையது என்பதை 2020 ஊரடங்கு காட்டியது. வண்டிகள் நின்ற நாளிலேயே வருமானமும் நின்றது.

அப்படியானால் சுற்றுலாவே கூடாது என்கிறோமா? இல்லை. ஓய்வு உழைப்பவனின் உரிமை. 1936-ல் பிரான்ஸ் நாட்டுத் தொழிலாளர்கள் மாபெரும் வேலைநிறுத்தங்களின் மூலம் ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையை வென்றெடுத்தார்கள். நமது நாட்டிலும் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சம்பளத்துடன் விடுமுறைக்கு வழி செய்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் கோடை வெயிலுக்குத் தப்பி ஏறிய மலை இது. சென்னை மாகாண சர்க்காரின் கோடைத் தலைநகரமாக இருந்த ஊர் இது. இன்று திருப்பூர் பனியன் தொழிலாளியும் தஞ்சைக் கூலி விவசாயியும் பிள்ளைகளோடு அங்கே போய் நிற்பது நமக்கு மகிழ்ச்சியே.

அவர்கள் பஸ்ஸில் வருகிறார்கள். அரசு பஸ்ஸுக்கு இ-பாஸ் தேவையில்லை என்று விலக்கும் அளிக்கப்பட்டது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். காருக்கு 4 பேர் என்றால் 6,000 கார்களில் 24,000 பேர் வரலாம். பஸ்ஸுக்கு 50 பேர் என்றால் அதே கூட்டத்துக்கு 480 பஸ்கள் போதும். ஒரு பஸ் மூன்று கார்களின் இடத்தை அடைப்பதாக வைத்துக்கொண்டாலும், ரோட்டில் 1,440 கார்களின் நெரிசல்தான். ஆகவே வண்டியைக் குறைத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயத்துக்கு மருந்து அதிகப் பஸ்களும் ரயில்களுமே. மலையும் பிழைக்கும், சிறு கடைக்காரரும் பிழைப்பார்.

வரம்பு போடுவதோடு சர்க்காரின் கடமை முடிந்துவிடாது. மசினகுடிப் பக்கம் யானை வழித்தடத்தில் எழுந்த ரிசார்ட்டுகளுக்கு எதிரான தீர்ப்பை உச்சநீதிமன்றம் 2020 அக்டோபர் 14-ல் உறுதி செய்தது. சரியான தீர்ப்பு. ஆனால் விடுதியைப் பூட்டினால் முதலாளிக்கு வழக்காடப் பணம் உண்டு. அங்கே துணி துவைத்தவருக்கு அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி என்ன? இயற்கையைக் காக்கும் செலவை ஏழையின் தலையில் ஏற்றக் கூடாது.

ஆகவே நாம் கோருகிறோம்:

விடுதி, ஓட்டல், கடைத் தொழிலாளர் அனைவரையும் பதிவு செய்து, குறைந்தபட்சக் கூலியும் பி.எப்., இ.எஸ்.ஐ. பாதுகாப்பும் கொடு. சீசன் இல்லாத மாதங்களுக்கு நிவாரணம் வழங்கு.

பெரிய விடுதிகளின் வருமானத்தில் ஒரு பங்கை வரியாக வாங்கி, குடிநீருக்கும் துப்புரவுக்கும் செலவிடு. துப்புரவுத் தொழிலாளரை நிரந்தரமாக்கு.

மலைக்குச் செல்லும் அரசு பஸ்களையும் ரயில்களையும் அதிகப்படுத்து.

பச்சைத் தேயிலைக்கு நியாய விலை கொடு. விளைநிலம் பங்களாவாக மாறுவதைத் தடு.

சட்டத்துக்கு விரோதமான விடுதியைப் பூட்டும்போது, அங்கே வேலை செய்தவருக்கு மாற்று வேலை கொடு.

இவை சலுகைகள் அல்ல, உரிமைகள். விடுதித் தொழிலாளரும், தோட்டத் தொழிலாளரும், கார் டிரைவர்களும், சிறு வியாபாரிகளும் தனித்தனியே முறையிட்டால் பலன் கிட்டாது. ஒரே மேடையில் சேர வேண்டும். சமவெளியின் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் அவர்களுக்குத் தோள் கொடுக்க வேண்டும். அடுத்த சீசன் வரும்வரை காத்திராமல் சங்கங்கள் இப்போதே வேலையைத் தொடங்கட்டும்.