பழுது சில்லில், பழி வாங்கியவன் தலையில்!

கள்ளக்குறிச்சி மாவட்டத்து நைனார்பாளையத்திலிருந்து உழவன் ஒருவன் மரவள்ளிக் கிழங்கை ஏற்றிக்கொண்டு ஆத்தூர்ப் பக்கத்துச் சவ்வரிசி ஆலைக்குப் போகின்றான் என்க. ஆலையிலே கிழங்கின் மாவு அளவு பார்க்கப்படுகின்றது. ஒரு புள்ளி குறைந்தாலும் அப்புள்ளிக்குரிய விலை அங்கேயே வெட்டப்படுகின்றது. மழை மிகுந்தது, நிலம் கெட்டது என்று அவன் சொல்லும் எந்தக் கரணியமும் எடுபடுவதில்லை. குறையுள்ள பொருளைக் கொண்டுவந்தவனே அக்குறையைத் தாங்க வேண்டும் என்பது அங்குள்ள நெறி. நல்லது. அந்நெறி உழவனுக்கு மட்டுந்தானா? அதே உழவன் கிழங்கு விற்ற காசில் மகளின் படிப்புக்கென வாங்கிய மடிக்கணினிக்குள், செய்யும்போதே குறையோடு செய்யப்பட்ட சில்லு ஒன்று இருந்தால், அவ்விழப்பை எவன் தாங்குகின்றான்?

இது வெறும் புனைந்துரையன்று. 2008-ஆம் ஆண்டு சூலை 2-ஆம் நாள், அமெரிக்கச் சில்லுக் குழுமமான என்விடியா ஓர் அறிவிப்பு விடுத்தது. மடிக்கணினித் திரையில் படங்களை வரைந்து காட்டும் வரைகலைச் சில்லுகளுள் சில, அவற்றின் பொதிவுப் பொருள் வலிவற்றிருத்தலால் இயல்பினும் மிகுதியாகப் பழுதடைகின்றன. அதற்கென 15 முதல் 20 கோடித் தாலர் வரை ஒதுக்கப்படும் என்பது அதன் பிழிவு. எந்தெந்தச் சில்லு என்னும் பட்டியலை மட்டும் அக்குழுமம் வெளியிடவில்லை! பங்கு வாங்கியவனுக்கு இழப்புத் தொகை தெரிந்தாக வேண்டும்; பொருள் வாங்கியவனுக்குத் தன் பொருள் பழுதா என்பது தெரிய வேண்டா! அதுவும் போதாதென்று, கணினிகளின் அமைப்பும் வாங்கியோர் அவற்றைப் பயன்படுத்தும் முறையுங்கூட இதற்குக் கரணியம் என்று பழியைப் பகிர்ந்தளித்தது.

பழுது எங்கிருந்தது என்பதைக் காண்க. விரல்நகத்தளவான சில்லு ஓர் அடித்தகட்டின்மேல் கவிழ்த்து வைக்கப்பட்டு, கண்ணுக்குப் புலப்படாத பற்றாசுப் புள்ளிகளால் பிணைக்கப்படுகின்றது. கணினி ஓடும்போது சில்லு சூடேறி விரிகின்றது. நிறுத்தினால் குளிர்ந்து சுருங்குகின்றது. சில்லும் தகடும் ஒரே அளவாய் விரிவதில்லை. அவ்விழுப்பைத் தாங்கவே புள்ளிகளுக்கிடையே நிரப்புப் பசை ஒன்று வார்க்கப்படுகின்றது. அப்பசை சூட்டில் இளகுமாயின், இழுப்பு முழுவதும் புள்ளிகளின் மேலேயே விழும். விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, ஒருநாள் புள்ளி விண்டு போகின்றது. திரையில் முதலில் கோடுகள், பிறகு இருட்டு! கணினியை அணைப்பதும் போடுவதுமே இப்பழுதை வளர்க்கும் என்றால், ‘பயன்படுத்தும் முறை’ என்று அவர்கள் குறை கூறியதற்குப் பொருள் என்ன? வாங்கிய பொருளைப் பயன்படுத்தியதே குற்றம் என்பதுதானே!

அன்று தரப்பட்ட முதல் மருந்து, விசிறியை மிகுதியாகச் சுழலவிடும் மென்பொருள் மாற்றம். அது பழுதைத் தள்ளிப்போடுமேயன்றித் தடுக்காது. தள்ளிப்போட்டால் பொறுப்புறுதிக் காலம் கழிந்துவிடும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஆப்பிள் குழுமத்துக்கு, ‘உம் கணினிகளில் இக்குறை இல்லை’ என்றே என்விடியா உறுதி கூறியிருந்தது. ஆப்பிள் தானே ஆய்ந்து பார்த்து, தன் கணினிகளிலும் அப்பழுது உண்டு என 2008 அக்தோபரில் அறிவித்தது. உலகப் பெருங்குழுமத்திடமே இப்படியென்றால், சின்னசேலம் கடைத்தெருவில் வாங்கியவன் எம்மாத்திரம்?

அவன் போவதெல்லாம் பழுதுபார்க்கும் கடைக்கே. அங்கே வெப்பக்காற்றால் சில்லைச் சூடாக்குவர்; திரை ஒளிரும்; சில கிழமைகளில் மீண்டும் அணையும். இல்லையேல் ‘ரீபாலிங்’ என்பர். அஃதாவது, அடித்தகட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடைப்பட்ட பற்றாசு உருண்டைகளை மாற்றுவது. விண்டு போனதோ அதற்கு மேலே, சில்லுக்கும் தகட்டுக்கும் இடையில்! காலில் முள்ளிருக்கக் கைக்குக் கட்டுப் போட்ட கதை. கடைக்காரனைத் திருடன் என்பதற்கில்லை. பழுது எங்குள்ளது என்று அவனுக்கும் எவரும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் வாங்கியோர் ஒன்று கூடி வழக்குத் தொடுத்தனர். 2010 திசம்பரில் கலிபோர்னிய முறைமன்றத்தில் இணக்க முடிவு ஏற்பட்டது. இடெல், ஆப்பிள் கணினிகள் கட்டணமின்றிச் செப்பனிடப்பட்டன, எச்.பி. கணினிக்கு மாற்றுக் கணினி தரப்பட்டது. மாற்றாக வந்தது மலிவுக் கணினி என்று அமெரிக்கரே முணுமுணுத்தது வேறு கதை. ஆனால் அந்த மலிவுக் கணினியும் அமெரிக்காவில் வாங்கியவனுக்கே! சில்லும் அதுவே, பசையும் அதுவே, பழுதும் அதுவே. தீர்வு மட்டும் கடல் கடக்கவில்லை. இடெல் குழுமம் இப்பழுதுக்கென ஓராண்டுப் பொறுப்புறுதியை உலகெங்கும் நீட்டித்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அவ்வறிவிப்பு வந்த இடமோ அதன் ஆங்கில இணையப் பக்கம். 2007-இல் திருப்பெரும்புதூரில் ஆலை திறந்து தமிழர் உழைப்பைப் பெற்ற குழுமத்தின் பொருளை வாங்கிய தமிழன், தன் உரிமையை அமெரிக்கப் பக்கத்தில் ஆங்கிலத்தில் தேடிப் படிக்க வேண்டுமாம்!

2008-உடன் இது முடிந்ததா? 2011-இல் விற்ற மாக்குபுக்குப் புரோ கணினிகளின் வரைகலைச் சில்லுப் பழுதுக்கு ஆப்பிள் செப்பனிடும் திட்டம் அறிவித்தது 2015 பிப்பிரவரியில்தான். அம்முறை சில்லு வேறொரு குழுமமான ஏ.எம்.டி.யினுடையது. நான்காண்டு கழித்து வந்த அறிவிப்பு, எடைக்குப் போடப்பட்ட கணினிக்கு என்ன செய்யும்?

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் காப்புச் சட்டம் ‘பொருட்பொறுப்பு’ என்று ஒரு தனி இயலையே வகுத்தது. கேட்கச் செவிக்கு இனிது! ஆனால் அதன் 2(22)-ஆம் உட்பிரிவு, பொருளுக்கே நேர்ந்த கேட்டைத் ‘தீங்கு’ என்பதிலிருந்து விலக்குகின்றது. சில்லு வெடித்து வீடு எரிந்தால் தீங்கு. சில்லு செத்துக் கணினி குப்பையானால் தீங்கன்று! நடுவண் நுகர்வோர் காப்பு ஆணையம் பொருளைத் திரும்பப் பெறச் செய்வதும், ஊறு விளைப்பதாகவோ காப்பற்றதாகவோ இருந்தால்தான். குறைபாட்டு முறையீடு என்னும் பழைய வழி திறந்திருக்கின்றது. அதற்கும் 69-ஆம் பிரிவு ஈராண்டு வேலி போட்டிருக்கின்றது. தக்க கரணியம் காட்டினால் காலத்தாழ்வு பொறுக்கப்படலாம் என்பது உண்மையே. உள்ளுறைந்த பழுதை ஒளித்தவனுக்குக் காலம் துணை நிற்க, ஒளிக்கப்பட்டவன் ஏன் தாமதித்தாய் என்ற கேள்விக்கு விடை சொல்லி நிற்பதா முறை?

குழுமம் பழுதை வெளிப்படையாக அறிவித்த நாளிலிருந்தே ஈராண்டு எண்ணப்படல் வேண்டும். ஒரு நாட்டில் தரப்பட்ட தீர்வு அதே பொருள் விற்ற எல்லா நாட்டிலும் தரப்படல் வேண்டும். அவ்வறிவிப்பு தமிழ்நாட்டில் தமிழில் வரல் வேண்டும். 2011 செப்தம்பர் 15-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கி, இலக்கக் கணக்கில் வாங்கிக் கொடுத்த தமிழக அரசுக்குக் குழுமங்களிடம் இதைக் கேட்டுப் பெறும் வலிவுண்டு. தனியொருவன் கேட்டால் கதவடைப்பவன், இலக்கம் கணினி வாங்குபவன் கேட்டால் இருக்கை போட்டுக் கேட்பான்.

சட்டம் திருந்தும்வரை கைகட்டியிருக்க வேண்டுவதில்லை. ஒரே பழுதுற்ற பலர் சார்பில் ஒருவரே ஆணையத்தின் இசைவோடு முறையிட 35-ஆம் பிரிவு இடந்தருகின்றது. வாழும் ஊருக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம்; விலை 5 இலக்க உருபாவுக்கு மேற்படாவிடில் கட்டணமும் இல்லை. பழுதான கணினியை எடைக்குப் போடுமுன், அதன் அடிப்புறத்து எண்ணையும் வாங்கிய சீட்டையும் கடைக்காரர் எழுதித்தந்த பழுதுக் குறிப்பையும் எடுத்து வைக்க வேண்டும். ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரமுண்டு; அனுப்பக் கணினி கையில் இருக்க வேண்டும்.