கிட் லாக்கில் இல்லை என்றால் வேலையே நடக்கவில்லை என்று அர்த்தமா?

போன ரிலீஸில் சரிசெய்த அதே பக், புது ரிலீஸில் மறுபடியும் வந்து நிற்கிறது. "அதை நான் அப்பவே ஃபிக்ஸ் பண்ணிட்டேனே" என்கிறார் டெவலப்பர். "லாக்ல உங்க கமிட்டே இல்லையே" என்கிறார் டீம் லீட். ஐடி அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் வாக்குவாதம் இது. பல சமயம் இரண்டு பேர் சொல்வதுமே உண்மை. பல பிராஞ்ச்களில் பிரிந்து ஓடும் வரலாற்றை ஒரே ஒரு கட்டளையின் பதிலை வைத்து முடிவு செய்வதுதான் பிரச்சினை.

லாக் எதைக் காட்டுகிறது?

லினக்ஸ் கெர்னல் குழு பயன்படுத்திவந்த பிட்கீப்பரின் இலவச உரிமம் பறிபோனதால், 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியதுதான் கிட். இதில் ஒவ்வொரு கமிட்டும் தனக்கு முந்தைய கமிட் எது என்பதைக் குறித்து வைத்திருக்கும். ஆனால் எந்த பிராஞ்சில் பிறந்தோம் என்பதைக் குறித்து வைப்பதில்லை. பிராஞ்ச் என்பது ஒரு கமிட்டின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு, அவ்வளவுதான்.

வெறுமனே 'கிட் லாக்' என்று அடித்தால், இப்போது நிற்கும் கமிட்டிலிருந்து பின்னால் நடந்து போய் எட்டக்கூடியவை மட்டுமே தெரியும். ரிலீஸ் பிராஞ்சில் அவசரமாகச் செய்த ஹாட்ஃபிக்ஸ் மெயினுக்கு மெர்ஜ் ஆகவில்லை என்றால், மெயினில் நின்று பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. 'ஆல்' ஆப்ஷனைச் சேர்த்தால்தான் மற்ற பிராஞ்ச்களும் வரும். அதற்கு முன் 'ஃபெட்ச்' செய்யாவிட்டால், சர்வருக்குப் புதிதாக வந்தவை அதிலும் இருக்காது.

கண்ணில் படாமல் போகும் மூன்று வழிகள்

முதலாவது, செர்ரி-பிக். ஒரு கமிட்டை இன்னொரு பிராஞ்சுக்கு இப்படி எடுத்துச் சென்றால் அது நகலாகத்தான் போகும், ஹேஷும் மாறிவிடும். பழைய ஹேஷை வைத்துத் தேடினால் "இல்லை" என்ற பதில்தான் கிடைக்கும். செர்ரி-பிக் செய்யும்போதே 'எக்ஸ்' ஆப்ஷனைச் சேர்த்தால், மூல கமிட்டின் ஹேஷ் செய்தியிலேயே பதிவாகிவிடும். ஒரே ஒரு எழுத்துதான், ஆனால் பலரும் அதைச் சேர்ப்பதில்லை.

இரண்டாவது, ஸ்குவாஷ் மெர்ஜ். இருபது கமிட்களை ஒன்றாக நசுக்கி மெயினில் போட்டால் கோடு வந்துவிடும், ஆனால் பழைய பிராஞ்சோடு இருந்த உறவு அறுந்துவிடும். அந்த பிராஞ்ச் மெர்ஜ் ஆகவில்லை என்றே கிட் சொல்லும். "டெஸ்ட்", "டெஸ்ட் 2" என்ற குப்பைக் கமிட்களை மறைக்க ஸ்குவாஷ் நல்லதுதான். சில நாளில் முடியும் சின்ன பிராஞ்சுக்கு அது போதும். மாதக்கணக்கில் ஓடும் ரிலீஸ் பிராஞ்சை அப்படி நசுக்குவது சரியில்லை.

மூன்றாவதுதான் ரொம்ப மோசம். மெர்ஜ் கான்ஃப்ளிக்டைத் தீர்க்கும்போது யாரோ தெரியாமல் ஃபிக்ஸை விட்டுவிட்டு, ஃபைலின் பழைய வடிவத்தையே வைத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஃபைலின் பெயரைக் கொடுத்து லாக் கேட்டால், மெர்ஜில் முடிவு எந்தப் பக்கத்தோடு அப்படியே ஒத்துப்போகிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கிட் பின்னால் போகும். ஃபிக்ஸ் இருந்த பக்கம் வெளியீட்டிலேயே வராது. பதிவு பத்திரமாக இருக்கும், காட்டப்படாது. 'ஃபுல் ஹிஸ்டரி' ஆப்ஷனைச் சேர்த்தால் வெளியே வரும்.

கெர்னல் குழு எப்படிச் சமாளிக்கிறது?

உலகின் மிகப் பெரிய கூட்டு முயற்சிகளில் ஒன்றான லினக்ஸ் கெர்னலில், ஒரே நேரத்தில் பல ஸ்டேபிள் பிராஞ்ச்கள் பராமரிக்கப்படுகின்றன. அங்கே ஒரு விதி உண்டு: எந்தத் திருத்தமும் முதலில் மெயின்லைனுக்குள் போக வேண்டும், அதன் பிறகுதான் ஸ்டேபிளுக்கு வரலாம். வரும்போது மெயின்லைன் கமிட்டின் ஹேஷ் செய்தியில் இருக்க வேண்டும். பக்கைக் கொண்டுவந்த கமிட் எது என்று தெரிந்தால், 'ஃபிக்ஸஸ்' என்ற வரியில் அதன் ஹேஷின் முதல் 12 எழுத்துகளை எழுதுவார்கள். எங்கிருந்து வந்தது, எதைச் சரிசெய்தது என்பதைச் செய்தியே சொல்லிவிடும்.

இது கிட் தானாகச் செய்வதில்லை, மனிதர்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு. "நடுராத்திரி புரொடக்‌ஷன் விழுந்து கிடக்கும்போது இதுக்கெல்லாம் ஏது டைம்?" என்ற கேள்வி நியாயமானதுதான். ஹாட்ஃபிக்ஸ் முதலில் ரிலீஸ் பிராஞ்சுக்கே போகட்டும். ஆனால் அது மெயினுக்கும் வந்து சேரும்வரை டிக்கெட்டை மூடக் கூடாது. இந்த ஒரு விதி இல்லாத டீமில் பழைய பக் திரும்ப வருவது விபத்து அல்ல, எதிர்பார்க்க வேண்டியதுதான்.

ஆளைத் தேடும் முன்

ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்பதை 'கிட் பிளேம்' சொல்லும். வெறும் ஸ்பேஸைச் சரிசெய்தவர் பெயரும் அதில் வரலாம். தவறு செய்தவர் யார் என்று அது சொல்வதில்லை. அதையும் அரைகுறை லாக்கையும் வைத்து ஒருவரின் வேலையை எடைபோடுவது அநியாயம். புதிதாகச் சேர்ந்த, எதிர்த்துப் பேசத் தயங்கும் ஜூனியர்கள்தான் இதில் பெரும்பாலும் மாட்டுகிறார்கள்.

ஒரு கமிட் "இல்லை" என்று சொல்வதற்கு முன் நான்கு வேலைகள் பாக்கி இருக்கின்றன. முதலில் ஃபெட்ச். அடுத்து 'ஆல்', 'கிராஃப்' சேர்த்த லாக். பிறகு, ஹேஷை விட்டுவிட்டு, மாறிய கோடு வரியையே பெரிய 'எஸ்' ஆப்ஷனில் கொடுத்து, 'ஃபுல் ஹிஸ்டரி'யோடு தேடுதல். கமிட் கிடைத்தால், அது எந்தெந்த பிராஞ்சில் இருக்கிறது என்று 'கன்டெய்ன்ஸ்' மூலம் பார்த்தல். எல்லாம் சேர்த்து ஐந்து, பத்து நிமிட வேலை.

ரிலீஸுக்கு முந்தின நாளே மெயின், ரிலீஸ் என்ற இரண்டு பெயர்களுக்கு நடுவே இரண்டு புள்ளி வைத்து லாக் எடுத்தால், ரிலீஸில் இருந்து மெயினில் இல்லாத கமிட்களின் பட்டியல் கிடைத்துவிடும். பட்டியலில் ஒரு ஹாட்ஃபிக்ஸ் இருந்தால், கஸ்டமர் பார்ப்பதற்கு முன்பே டீம் பார்த்துவிடும்.