எண்ணாமல் போட்ட கையெழுத்து



நவராத்திரிக்குத் தொண்டர்கள் தேவை என்று போன வாரம் போட்ட பதிவுக்கு 40 பேருக்கு மேல் பேர் கொடுத்திருக்கீங்க. ரொம்ப சந்தோஷம். ஆனால் வந்த மெசேஜில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "அண்ணே, ஹவர்ஸ் லெட்டர் கிடைக்குமா?"

கேட்டதில் தப்பே இல்லை. கிடைக்கும். ஆனால் அதைக் கொடுக்கும் முறையை மாற்றியிருக்கோம். ஏன் மாற்றினோம் என்று சொல்லத்தான் இந்த நீளமான பதிவு. பொறுமையாப் படிங்க.

விவரம் தெரியாத பெரியவங்களுக்காகக் கொஞ்சம் சொல்லிடறேன். சிங்கப்பூரில் படிக்கிற பிள்ளைகளுக்கு சமூக சேவை என்பது படிப்போடு சேர்ந்த விஷயம். முன்பு பள்ளிகளில் சிஐபி என்று இருந்தது, ஆண்டுக்கு 6 மணி நேரம் செய்யணும். 2012-இல் அதை விஐஏ என்று மாற்றினாங்க. உயர்நிலைப் பள்ளியில் சேவை செய்த நேரமும் கணக்கில் வரும், அடுத்த படிப்புக்குச் சேரும்போது போனஸ் புள்ளிக்கு உதவும். பல்கலைக்கழகத்திலும் உண்டு. எஸ்எம்யூவில் குறைந்தது 80 மணி நேரம் சமூக சேவை செய்யாமல் பட்டம் வாங்க முடியாது. வணிகம் படிச்சாலும் சட்டம் படிச்சாலும் இதே விதிதான். இப்படி மணி நேரம் தேடுகிற பிள்ளைகளில் சிலர் நம்ம கோயில் வாசலுக்கு வர்றாங்க.

இப்போ என் கதைக்கு வரேன். இது கதையில்லை, ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி வச்சுக்குங்க.

நான் 22 வருஷமா கோயில் சமையல்கட்டுப் பக்கம் தொண்டு செய்றேன். பிள்ளைகளின் ஹவர்ஸ் லெட்டர் வேலையும் பல வருஷமா என் கையில்தான். பிழைப்புக்கு ஜூரோங் பக்கம் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பர். டெலிவரி ஆர்டரில் 30 கார்ட்டன் என்று இருந்தால் 30-ஐயும் எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். லாரி டிரைவர் ஹாரன் அடிச்சாலும் சரி, வெளியே மழை கொட்டினாலும் சரி. "அங்கிள், சைன் லா, நான் ஓடணும்" என்று கெஞ்சினாலும் எண்ணி முடிச்ச பிறகுதான் பேனாவை எடுப்பேன்.

அதே ஆள் கோயிலில் என்ன செய்தேன் தெரியுமா? "அந்தப் பையன் காலைல வந்தான்ல? 6 மணி நேரம் போட்டுடு." எத்தனை மணிக்கு வந்தான், எப்போ போனான், யாருக்கும் தெரியாது. நம்ம பிள்ளைங்கதானே, படிப்புக்கு உதவட்டுமே என்ற நினைப்பு. ஒரு அம்மா வந்து, "12 மணி நேரம்தான் குறையுது, நாளைக்கே கொடுக்கணுமாம், பார்த்துச் செய்யுங்கண்ணே" என்றால் மனசு கேட்காது. போட்டுடுவேன். இதைப் புண்ணியம் என்றே நினைச்சிருந்தேன்.

சில வருஷத்துக்கு முன் ஒரு நவராத்திரிக்கு ஒரு தம்பி வந்தார். வணிகப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு, அக்கவுண்டன்சி. எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். உண்மையைச் சொல்றேன், முதல் நாளே எனக்குப் பிடிக்கலை. வந்ததும் கேட்டது, "அங்கிள், மொத்தம் எத்தனை மணி நேரம் கிடைக்கும்?" சாமி கும்பிட்டாரா இல்லையா என்றுகூட நான் பார்க்கலை, வெங்காய மூட்டையைக் காட்டிட்டேன்.

ஒன்பது நாளும் வந்து போனார். விஜயதசமி முடிஞ்ச மறுவாரம் வழக்கம்போல லெட்டர் அடிச்சுக் கொடுத்தேன். இரண்டு நாள் கழிச்சு அதே லெட்டரோடு திரும்பி வந்தார். பேர் தப்பாப் போட்டுட்டேனோ என்று நினைச்சேன்.

"அங்கிள், மூணாம் நாள் 6 மணி நேரம்னு போட்டிருக்கீங்க. அன்னைக்கு எனக்கு டெஸ்ட் இருந்துச்சு. நான் ரெண்டு மணி நேரம்தான் இருந்தேன். ஏழாம் நாளும் அப்படித்தான், அஞ்சு மணி நேரம் கூட இருக்கு."

"பரவாயில்லை தம்பி, வச்சுக்கோ" என்றேன்.

"இல்லை அங்கிள், மாத்திக் கொடுங்க. குறையுற ஒன்பது மணி நேரத்துக்கு எப்போ வரட்டும்?"

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. அந்தப் பிள்ளை என்னைக் குறை சொல்லலை. ஆனால் கிடங்கில் ஒரு கார்ட்டனுக்குக்கூட பொய்க் கையெழுத்துப் போடாத நான், அம்பாள் சன்னிதியில் இருந்துகொண்டு எத்தனை பொய்க்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன் என்று மனசு எண்ண ஆரம்பிச்சது. எண்ணி முடியலை.

மீதி ஒன்பது மணி நேரத்துக்கு அவர் வந்தது தீபாவளிக்குப் பிறகு. கூட்டம் இல்லை, மேளம் இல்லை, போட்டோ எடுக்க ஆளும் இல்லை. ஸ்டோர் ரூமில் இருந்த பெரிய அண்டாக்களைத் தேய்ச்சுக் கழுவிக் கவிழ்க்கிற வேலை. நானும் அவரும் மட்டும்தான். அன்னைக்குத்தான் அவர் வீட்டு நிலைமை தெரிஞ்சது. அப்பா இல்லை, அம்மா வேலைக்குப் போறாங்க, இவர் டியூஷன் சொல்லிக்கொடுத்துச் செலவைப் பார்த்துக்கிறார். மணி நேரத்தை முதல் நாளே கேட்டதுக்குக் காரணம் பேராசை இல்லை. டியூஷன் நேரத்தை அதுக்கேத்த மாதிரி மாத்தி வைக்கணுமே, அதுக்காகக் கேட்டிருக்கார். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கலை.

அடுத்த வருஷம் நவராத்திரிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வச்சோம். வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. அவ்வளவுதான். இந்தச் சின்ன நோட்டுப் புத்தகத்துக்கு வந்த எதிர்ப்பை நீங்க பார்த்திருக்கணும். "கோயிலை ஆபீஸ் ஆக்கிட்டீங்க" என்றார் ஒருத்தர். "பிள்ளைங்க கோயிலுக்கு வர்றதே இந்தக் காலத்துல பெரிசு, இப்படிக் கெடுபிடி பண்ணா அவங்க வேற இடம் பார்த்துப்பாங்க" என்றார் இன்னொருத்தர். ஒரு குடும்பம் என்னோடு பேசுறதையே நிறுத்திட்டாங்க. மகனுக்கு 10 மணி நேரம் கூட்டிப் போடலை என்ற கோபம். அவங்க வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. பத்து வருஷமாக் கேட்டவங்களுக்கெல்லாம் போட்டுக் கொடுத்துட்டு, அவங்க முறை வரும்போது மட்டும் கதவைச் சாத்தினால் கோபம் வரத்தான் செய்யும். பழக்கப்படுத்தினது நான்தானே.

ஆனாலும் என் கருத்தை மாத்திக்கலை. பிள்ளை கோயிலுக்கு வரணும் என்பது சரி. வந்து என்ன கத்துக்கிட்டுப் போகுது? இரண்டு மணி நேரம் நின்னால் ஆறு மணி நேரம் கிடைக்கும், பெரியவங்களைத் தெரிஞ்சால் காரியம் நடக்கும் என்று கத்துக்கிட்டால், அந்தப் பாடத்தை சாமி பேரில் நாமதான் சொல்லிக்கொடுக்கிறோம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. "மணி நேரத்துக்காகச் செய்றது தொண்டே இல்லை" என்று நம்ம மூத்த தொண்டர்கள் சிலர் சொல்றாங்க. உழவாரப்படையைத் தோளில் வச்சுக்கிட்டு ஊர் ஊராகப் போய் கோயில் பிராகாரத்தைச் சுத்தம் செய்தவர் அப்பர் சுவாமிகள். அவர் யாரிடம் லெட்டர் கேட்டார் என்று கேட்கிறாங்க. நியாயமான கேள்வி. ஆனால் நான் கோயிலுக்கு முதல்ல வந்ததே பக்தியினால் இல்லை. எங்கம்மா அடிச்சு இழுத்துட்டு வந்தாங்க. பிறகு பொங்கல் பிரசாதத்துக்காக வந்தேன். தொண்டு மனசுக்குள்ள நுழைய எனக்குப் பல வருஷம் ஆச்சு. வர்ற காரணம் எதுவாக இருந்தாலும் இருக்கட்டும். வந்த பிறகு அந்தப் பிள்ளைக்கு நாம என்ன கொடுக்கிறோம்?

சொன்னால் கோபப்படாதீங்க. பல நேரம் நாம ஒண்ணும் கொடுக்கிறதில்லை. காலணி வைக்கிற இடத்தில் நிறுத்தி வைக்கிறோம். ஏன் அங்கே நிக்கணும், கூட்டம் எப்போ கூடும், வயசானவங்களை எந்தப் பக்கம் அனுப்பணும், எதுவும் சொல்றதில்லை. தப்பு நடந்தால் மட்டும் பத்துப் பேர் முன்னாடி சத்தம் போடுறோம். தமிழ் சரியாப் பேச வராத பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறோம். அப்புறம் "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பில்லை" என்று தலையை ஆட்டுறோம்.

இரண்டாம் வருஷம் அந்தத் தம்பி சும்மாவே வந்தார், மணி நேரம் எல்லாம் முடிஞ்ச பிறகு. படிச்ச பிள்ளையாச்சே என்று அன்னதானக் கணக்கைக் கொடுத்தோம். முந்தின வருஷக் கணக்கைப் பார்த்து ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் வருவாங்க, எத்தனை கிலோ அரிசி என்று அழகாகக் கம்ப்யூட்டரில் போட்டு வந்தார். முதல் மூணு நாள் சரியா இருந்தது. நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. முந்தின வருஷம் அந்த நாலாம் நாள் வாரத்தின் நடுவில் வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டம் அந்தக் கணக்கில் இல்லை. எட்டரை மணிக்குச் சாம்பார் தீர்ந்துபோச்சு, வரிசையில் இன்னும் எழுபது எண்பது பேர்.

நான் சத்தம் போட வாயைத் திறந்தேன். எங்க சமையல்கட்டு அக்கா முந்திக்கிட்டாங்க. "கண்ணு, வரிசைல நிக்கிறவங்ககிட்ட நீயே போய்ச் சொல்லு. இருபது நிமிஷத்துல ரசமும் தயிர் சாதமும் வரும்னு சொல்லு. உக்கார வை. தண்ணி கொடு." தம்பி முகம் வெளுத்துப்போச்சு. ஆனாலும் போனார். ஒவ்வொருத்தரிடமும் தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னார். ஒரு பெரியவர் திட்டினார், கேட்டுக்கிட்டார். மறுநாள் காலையில் எங்களுக்கு முன்னாடி வந்து, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "எந்தெந்த நாள் கூட்டம் கூடும்?" என்று கேட்டு எழுதிக்கிட்டார். அந்த அக்கா படிச்சது தொடக்கப்பள்ளி வரைக்கும்தான். ஆனால் எந்த நாளுக்கு எவ்வளவு உலை வைக்கணும் என்று அவங்களுக்கு மனப்பாடம்.

தம்பி இப்போ வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகப்போகுது. ஒரு ஆடிட் நிறுவனத்தில். போன தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் சந்திச்சப்போ, முதல் வருஷ வேலையைப் பற்றிச் சொன்னார். டிசம்பர் 31-ஆம் தேதி ஒரு கிடங்குக்குப் போய் சரக்கு எண்ணணும். எங்க கிடங்குக்கும் அன்னைக்கு இந்த மாதிரி ஆடிட்டர் பிள்ளைங்க வருவாங்க, எனக்குத் தெரியும். 20 வகைச் சரக்கை எண்ணிச் சரிபார்க்கச் சொல்லியிருக்காங்க. 14 தான் எண்ண முடிஞ்சது, மீதி இருந்த ரேக்குக்கு முன்னாடி பேலட் அடுக்கி வழி மறிச்சிருந்தது. நேரம் ஆச்சு. மேலே இருக்கிறவர், "மத்ததும் சரியாத்தான் இருக்கும், 20-ன்னே எழுதிடு" என்றாராம்.

தம்பி 14 என்று எழுதினார்.

அப்புறம் என்ன ஆச்சு என்று ஆவலாகக் கேட்டேன். பாராட்டினாங்க என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். ஒண்ணும் ஆகலை. புத்தாண்டு விடுமுறை முடிஞ்சு இரண்டாம் தேதி திரும்பவும் போய் எண்ண வேண்டியிருந்தது. மீதி ஆறும் சரியாத்தான் இருந்ததாம். மேலே இருக்கிறவருக்கு எரிச்சல். வருஷ மதிப்பீட்டில் "வேலையில் கொஞ்சம் வேகம் குறைவு" என்று எழுதிட்டாங்க.

"வருத்தமா தம்பி?" என்றேன்.

"கொஞ்சம் வருத்தம்தான் அங்கிள். ஆனா அண்டா கழுவுன ஒன்பது மணி நேரம் ஞாபகம் வந்துச்சு. அப்புறம் எப்படி 20-ன்னு எழுதறது?"

இதைக் கேட்டு நான் பெருமைப்படலை. அந்தப் பாடத்தை நான் சொல்லிக்கொடுக்கலை, அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு உண்மையை மட்டும் சொல்லிக்கிறேன். நேர்மையா இருந்தால் உடனே யாரும் மாலை போட மாட்டாங்க. சில நேரம் மதிப்பெண் குறையும். வேலைக்குப் புதுசாப் போற பிள்ளைகள் இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போறது நல்லது. அந்தப் பழக்கம் எங்கேயாவது சின்ன விஷயத்தில் முதல்ல வரணும். அதுக்குக் கோயிலைவிட நல்ல இடம் எது?

அவர் இப்போ முன்ன மாதிரி வர்றதில்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் வேலை நெருக்கடி, ஆளையே பார்க்க முடியாது. தைப்பூசத்தன்னைக்கு மட்டும் லீவு போட்டு வந்தார். இதைக் குறையாகச் சொல்லலை. உழைக்கிற வயசு, உழைக்கட்டும்.

அதனால் இந்த நவராத்திரிக்கு என் வேண்டுகோள்.

மாணவத் தம்பி தங்கைகளே, மணி நேரத்துக்காகத்தான் வர்றீங்க என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்க. தேர்வு இருக்கா, டியூஷன் இருக்கா, அதையும் சொல்லுங்க. அதுக்கேத்த மாதிரி வேலை கொடுப்போம். தெரியாததைக் கேளுங்க. தப்பு நடந்தால் மறைக்காதீங்க.

பெற்றோர்களே, பிள்ளையின் நேரத்தைப் பற்றிப் பிள்ளையே வந்து பேசட்டும். குறையுற மணி நேரத்தைக் கூட்டிப் போடச் சொல்லி என்னிடம் கேட்காதீங்க. குறைஞ்சால் ஐப்பசி இருக்கு, கார்த்திகை இருக்கு, கழுவ அண்டாவும் இருக்கு.

மூத்த தொண்டர்களே, உங்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர் பொறுப்பு எடுத்துக்குங்க. வேலையை மட்டும் காட்டாமல் காரணத்தையும் சொல்லுங்க. திட்டணும் என்றால் தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க. நமக்கும் வயசாகுது. அக்காவுக்கு முட்டிவலி, போன வருஷம் இரண்டு நாள் வர முடியலை. அவங்க மனசில் இருக்கிற கணக்கை யாராவது ஒரு பிள்ளை கத்துக்கலைன்னா, அது அவங்களோடயே போயிடும்.

நோட்டுப் புத்தகம் சமையல்கட்டு வாசலில் இருக்கும். இந்த வருஷம் மாணவர்கள் மட்டும் இல்லை, தொண்டர்கள் எல்லாரும் அதில் நேரம் எழுதணும். முதல் வரியில் என் பேர் இருக்கும். வந்த நேரம், போன நேரம் இரண்டும் எழுதுவேன். சரியா இருக்கான்னு நீங்க யார் வேணும்னாலும் பார்க்கலாம்.

அம்பாள் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும். நவராத்திரியில் சந்திப்போம்.