கடனுக்குப் பிறகும் பயிற்சி வேண்டும்

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்தவர்களில் பலர் தொழில்முனைவோர் வகுப்புக்குப் போனவர்கள் அல்லர். விவசாயக் குடும்பத்திலிருந்து கூலிக்கு வந்து, தொழில் பழகி, கூட்டுச் சேர்ந்து முதலாளியானவர்கள். ஆய்வாளர் ஷரத் சாரி இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அப்படியானால் பயிற்சி எதற்கு என்பார்கள். ஆனால் பட்டறையையே பள்ளியாக்கிக் கற்கும் அந்த வாய்ப்பு கிடைத்தது பெரும்பாலும் ஒரே சாதி ஆண்களுக்குத்தான். பெண்களுக்கும் வெளியூர்த் தொழிலாளிக்கும் வேறு வாசல் ஏது?

குறை, பயிற்சி நடக்கும் நேரத்தில் இருக்கிறது. கடனுக்கும் மானியத்துக்குமான சடங்காக அது முன்னதாகவே முடிந்துவிடுகிறது. பவர் டேபிள் என்னும் தையல் பட்டறை போட்டவருக்குத் தைக்கத் தெரியும். பீஸ் ரேட் பேசும்போது நூல், கரண்ட், வாடகை, திரும்பி வரும் பீஸ் எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்கத்தான் தடுமாறுகிறார். பாக்கியைக் கேட்டு வாங்குவதிலும் இதே தடுமாற்றம்தான். சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் சிறு நிறுவனத்துக்கான பாக்கியை 45 நாளுக்குள் தீர்க்க வேண்டும். கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம் நியாயமானதே. வகுப்பு அதைப் போக்காது. ஆனால் சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவும் முறையான பில்லும் இருந்தால், தாமதிப்பவருக்கு வருமான வரியிலும் இடிக்கும் என்று பேச இடமுண்டு. எனவே மாவட்டத் தொழில் மையம் கடனுக்குப் பிந்தைய முதல் ஆண்டு முழுக்கப் பட்டறைக்கே வந்து கணக்குப் பார்க்கக் கற்றுத்தரட்டும்.