ஓட்டையை அடைத்தால் போதுமா?

ஒன்-நார்த் பக்கம் போனவர்கள் ‘சாண்ட்கிராலர்’ கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் பாலைவனத்தில் ஊர்ந்து செல்லும் பெரிய வண்டியின் சாயலில், லூக்காஸ்ஃபிலிம் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டு 2014ல் திறக்கப்பட்டது.

1977ல் வந்த முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் பிரபலமான ஓட்டை ஒன்று உண்டு. தன் விண்கலத்தின் வேகத்தைப் பற்றிப் பேசும் ஹான் சோலோ, ‘கெசல்’ பயணத்தை 12 பார்செக்கிற்குள் முடித்ததாகப் பெருமையடிப்பார். ஆனால் பார்செக் நேரத்தின் அளவன்று, தூரத்தின் அளவு. ஒரு பார்செக் என்பது சுமார் 3.26 ஒளியாண்டு. “தேக்காவிலிருந்து ஜூரோங்கிற்கு 20 கிலோமீட்டரிலேயே போய்விட்டேன், என் கார் அவ்வளவு வேகம்!” என்று ஒருவர் சொல்வது போன்றது இது.

ரசிகர்கள் விட்டுவிடுவார்களா? ஆபத்தான குறுக்குவழியில் புகுந்து தூரத்தைக் குறைத்திருப்பார் என்று விளக்கம் வந்தது. 2018ல் வெளியான ‘சோலோ’ படமும் அப்படியே காட்டியது. ஓட்டை அடைபட்டது. கதையில் இது நல்ல விளையாட்டு, நானும் ரசிக்கிறேன். ஆனால் இந்தப் பழக்கத்தை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்பதே என் கருத்து.

அறிவியலிலும் ஓட்டைகள் தெரிவதுண்டு. யுரேனஸ் கோள் கணக்குப்படி நகரவில்லை. அதற்கு அப்பால் இன்னொரு கோள் இருந்து இழுக்கிறது என்றார் பிரெஞ்சு அறிஞர் லெவெரியே. எங்கே தேட வேண்டும் என்றும் கணித்துச் சொன்னார். 1846ல் பெர்லினில் தேடியபோது, அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது.

புதன் கோளின் பாதையிலும் ஒரு பிசகு இருந்தது. அதே லெவெரியே, சூரியனுக்கு அருகே ‘வல்கன்’ என்ற கோள் இருக்கலாம் என்றார். எவ்வளவு தேடியும் அது கிடைக்கவில்லை. 1915ல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடுதான் புதிரை அவிழ்த்தது. புதிய கோள் தேவைப்படவில்லை. ஈர்ப்பு பற்றிய நம் புரிதல்தான் மாற வேண்டியிருந்தது.

கதையில் விளக்கம் பொருந்தினால் போதும். அறிவியலில் அது சோதனையிலும் தேற வேண்டும்.

அடுத்த செய்முறை வகுப்பில் ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டு விலகி நின்றால், அதை அழிக்காதீர்கள். ‘அளவெடுத்ததில் பிழை’ என்று எழுதிக் கடந்துபோகவும் வேண்டாம். மீண்டும் அளந்து பாருங்கள். கைத்தவறு என்றால் பெரும்பாலும் மறைந்துவிடும். மறையாவிட்டால், ஆசிரியரிடம் கேட்க உங்களிடம் நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது.